என் ஒழுங்கையில் பிறந்தவர்

சுவிஸ் மலை ஊரான டாவோஸில் என்னோடு பாத்திரம் கழுவிய மனிதருக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. எண்பத்தைந்தாம் ஆண்டு, மாசி மாதம். ஹோட்டலுக்குப் பின்னால் வேலையாட்களுக்கு விட்டிருந்த மரவீட்டின் மேல் அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நானும் என்னோடு வந்த பருத்தித்துறைக்காரனும் இரண்டு சுவெட்டர் போட்டு அதற்கு மேல் போர்வையும் சுற்றிக்கொண்டு இருக்க, அவர் ஒற்றைச் சேட்டோடு யன்னலைத் திறந்துவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"சாத்துங்கோ அண்ணை, விறைச்சுச் சாகப்போறம்" என்பான் பருத்தித்துறையான்.

"நீங்கள்லாம் வெயில்ல காஞ்ச கருவாடு தம்பி. நான் பனியில பொறந்தவன்" என்பார் அவர்.

வாயைத் திறந்தாலே தெரிந்துவிடும், அவர் எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்து ஆள் இல்லை என்று. மலைநாட்டில், அற்றனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். நாற்பது வயது இருக்கும். எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு வவுனியாவுக்கு இறங்கி, அங்கே ஒரு துண்டுக் காணி வெட்டி, எண்பத்து மூன்றில் அதுவும் எரிந்து, பிறகு எங்களைப் போலவே ஏஜென்சிக்காரன் ஒருவனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தவர். தோட்டத்து ஆளோடு ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தது எனக்கு அதுதான் முதல் தடவை. ஊரில் அவர்களுக்கு நாங்கள் வைத்திருந்த பெயரை என் வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஆட்கள் சொல்லும் சொல்லைக் காதில் வாங்கிச் சேர்த்துவைப்பதுதான் நான் படித்த படிப்பு. அவர் வாயில் இருந்து அப்படி நிறையச் சேர்த்தேன். கழுவும் மெசின் ஓடிக்கொண்டிருக்கும்போது எதுவும் கேட்காது. அது நிற்கிற இரண்டு நிமிடம், ஆவி மேலே எழும்பும் அந்த நேரம்தான் அவர் கதைக்கிற நேரம். அதனால் அவர் கதை எல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது.

அதில் முதல் துண்டு, அவர் மனைவியும் மகளும் இந்தியாவில் இருக்கிறார்கள் என்பது.

விசயம் இதுதான். தோட்டத்து ஆட்களில் இத்தனை பேரை நீ எடு, இத்தனை பேரை நான் வைத்துக்கொள்கிறேன் என்று இரண்டு அரசாங்கமும் பேசி முடித்த காலத்தில், அவருடைய தகப்பன் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டார். அவருக்கு மனைவியாக வரப்போகிற பெண்ணின் தகப்பன் இந்தியாவுக்குப் போட்டார். அப்போது இரண்டு பேருக்கும் கலியாணம் ஆகவில்லை. தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டின பிறகும் தாள்கள் மாறவில்லை. அவள் தகப்பன் வீட்டு எண்ணிக்கையிலேயே இருந்தாள். எண்பத்து மூன்றுக்குப் பிறகு அந்தக் கிழவனுக்குக் கண்டியில் இந்தியப் பாஸ்போட் கொடுத்தார்கள், மகளையும் பேத்தியையும் சேர்த்து. தலைமன்னாரில் இவர் அவர்களைக் கப்பல் ஏற்றிவிட்டுத் தானும் விசா எடுத்துப் பின்னால் போவதாக இருந்தார். யுத்தம் வந்து கப்பல் நின்றுபோனது.

"நம்மள எண்ணித்தான் தம்பி பிரிச்சாங்க. கேட்டுப் பிரிக்கல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கறி பிடித்த தட்டைத் திருப்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னார்.

மனைவி கோத்தகிரியில் இருந்தாள். திரும்பி வந்தவர்களுக்கென்று அங்கே அரசாங்கம் போட்ட தேயிலைத் தோட்டத்தில் வேலை. "நம்மூர்ல எடுத்த கொழுந்த அங்க போய் எடுக்குறா. கடல் மட்டும்தான் நடுவுல."

இரண்டு நாட்டுக்கும் நடுவில் இருந்த அரசாங்கக் கந்தோர்களைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு வேறு எவருக்கும் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நாங்கள் பேப்பரில் வாசித்துத் தெரிந்துகொண்டதை அவர் அவற்றின் வாசல் வாங்கில் குந்தியிருந்து தெரிந்துகொண்டவர். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் இருந்து ஒரு ஏஜண்டை அனுப்பிக் கண்டியில் வைத்திருந்தார்களாம். கங்காணி அடித்தால், துரை கூலிக்காசைப் பிடித்தால் அங்கே போய் எழுதிக் கொடுக்கலாம். இவருடைய தாத்தா நடந்தே போய் எழுதிக் கொடுத்தவர். பிறகு இரண்டு நாட்டுக்கும் சுதந்திரம் வந்து, கொழும்பில் உயர்ஸ்தானிகர் என்று ஒருவரும் கண்டியில் அவருக்கு உதவியாக ஒருவரும் வந்தார்கள்.

"போர்டு மாறிச்சு. வர்ற தொரைமாரும் மாறினாங்க. எங்க சனத்துக்கு அது இன்னைக்கும் ஏஜண்ட் கந்தோர்தான். எங்க தாத்தா, எங்கப்பா, நானு, மூணு பேரும் அந்த வாசல்லதான் குந்தியிருந்தோம். சுவத்துல எண்ணெய்த்தலை பட்டுப் பட்டு ஒரு கறை இருக்கு. அதுல எங்க வீட்டு எண்ணெயும் இருக்கு."

ஒருநாள் நான் கேட்டேன், "ஏன் அண்ணை, மற்ற நாட்டுக்கெல்லாம் அம்பாசடர். இந்தியாவுக்கும் எங்களுக்கும் மட்டும் ஏன் ஹைகொமிஷனர்?"

"சொந்தக்காரங்களுக்குள்ள அம்பாசடர் கிடையாது தம்பி. அது வேத்து ஆளுக்கு. ஒரே ராணிகிட்ட இருந்து பிரிஞ்சு வந்த பங்காளிங்க இல்லியா, அதான் வேற பேரு."

"அப்ப உங்களுக்கு ரெண்டு பேரும் அம்பாசடர்தான் வைக்க வேணும்" என்றேன் நான். பகிடி என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மெசின் மூடியை இழுத்துச் சாத்தினார்.

இனி நான் செய்த வேலைக்கு வருகிறேன்.

வைகாசியில் அவருக்குக் கூர் நகரத்தில் விசாரணைக்குத் திகதி வந்தது. அகதி கேட்டு வந்தவனிடம் ஊர், பேர், ஏன் வந்தாய் என்று அங்கேதான் கேட்பார்கள். ஏற்கெனவே விசாரணை முடித்த எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு வைத்தியம் இருந்தது. மலைநாடு என்று சொல்லாதே, அங்கே சண்டை இல்லை என்று திருப்பி அனுப்புவான். மனைவி இந்தியப் பாஸ்போட்காரி என்று சொல்லவே சொல்லாதே, நீயும் இந்தியாவுக்குப் போ என்பான். யாழ்ப்பாணம், கலியாணம் கட்டவில்லை. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் போதும். எல்லாரும் இதையே சொன்னார்கள். நானும் சொன்னேன். சொன்னதோடு விடாமல், யாழ்ப்பாணத்தில் எந்த இடம் என்ற கேள்வி வந்தபோது, என் வீடு இருந்த ஒழுங்கையையே தூக்கிக் கொடுத்தேன்.

பழைய மெனு அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் படம் கீறினேன். சந்தியில் இருந்து மூன்றாவது ஒழுங்கை. உள்ளே திரும்பினால் இடப்பக்கம் தண்ணீர்த் தாங்கி. அதைத் தாண்டி வைரவர் சூலம். பிறகு தபாற்காரர் வீடு, எங்கள் வீடு, பொதுக் கிணறு. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே பாடம் நடத்தினோம்.

"கெணத்துத் தண்ணி உப்பா, நல்ல தண்ணியா?" என்று கேட்பார் அவர்.

"நல்ல தண்ணி. ஆனால் ஆவணியில கொஞ்சம் சவர்."

"சவர்" என்று சொல்லிப் பார்த்துக்கொள்வார்.

"ஆமா எண்டு சொல்லாதேங்கோ அண்ணை. ஓம்."

"ஓம்."

"ஆச்சியைக் கேட்டால் பாட்டி எண்டு சொல்லிப் போடாதேங்கோ" என்பான் பருத்தித்துறையான். "தோட்டக்காட்டாரை ஒரு கிழமையில யாழ்ப்பாணத்தான் ஆக்கிற பள்ளிக்கூடம் இது ஒண்டுதான்."

அவர் அதற்கும் "ஓம்" என்றார். அறையே சிரித்தது.

விசாரணையில் மொழிபெயர்க்க வந்தவர் சூரிச்சில் படித்துக்கொண்டிருந்த தமிழ்நாட்டுக்காரர். யாழ்ப்பாணப் பேச்சுக்கும் மலையகப் பேச்சுக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. மாலையில் அண்ணை திரும்பி வந்தபோது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"தம்பி, உங்க ஒழுங்கையில ஒரு மாமரம் வச்சிட்டேன்."

"எங்க?"

"கெணத்தடியில. பக்கத்துல என்ன இருக்குன்னான் அந்த ஆபிசரு. வாயில வந்திருச்சு. காய்க்கிற மரம்னு வேற சொல்லிட்டேன்."

எங்கள் ஒழுங்கையில் மாமரமே இல்லை. வயிறு நோகச் சிரித்தோம். பெர்மிட் வந்தது. முடிவு வரும்வரை இருக்கத் தந்த அந்தத் தாளில் பிறந்த இடம் என்ற இடத்தில் என் ஊர், குடும்ப நிலை என்ற இடத்தில் மணமாகாதவர் என்று தட்டச்சில் அடித்திருந்தது.

கலியாணம் கட்டாத மனிதருக்கு மனைவியின் கடிதம் வரக்கூடாது அல்லவா. அதனால் கோத்தகிரிக் கடிதங்கள் என் பெயருக்கு வந்தன. உள்ளே முதல் வரி எனக்கு. 'தம்பி, நல்லா இருக்கீங்களா, சாப்பாடெல்லாம் சரியா, இதை அவங்ககிட்ட குடுங்க.' மகள்தான் எழுதுவாள், தாய் சொல்லச் சொல்ல. நான் கண்டே இராத அந்தப் பெண்மணி இரண்டு வருடம் மாதம் தவறாமல் என் சாப்பாட்டை விசாரித்தாள்.

எண்பத்தேழு ஆடி மாதம் இரண்டு நாட்டுத் தலைவர்களும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதை வேலையாட்கள் சாப்பிடும் அறையில் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அவர் கையில் இருந்த கரண்டியோடு எழும்பி நின்றார்.

"ரெண்டு பங்காளியும் கதவத் தொறந்துட்டாங்க தம்பி. இனிமே கேக்கலாம்."

கேட்பது என்றால் பேர்ன் நகரத்தில் உள்ள இந்தியத் தூதரகத்தில். மனைவியும் பிள்ளையும் இந்தியப் பிரஜைகள், புருசன் போய்ச் சேர ஒரு வழி தா என்று. இரண்டு பேரும் லீவு எடுத்துக்கொண்டு, காலை முதல் ரயிலில் புறப்பட்டோம். மகளின் கடிதத்தில் இருந்து மனைவியின் பாஸ்போட் இலக்கத்தை வெட்டி எடுத்துச் சேட்டுப் பையில் வைத்திருந்தார். ரயிலில் பத்துத் தடவையாவது தொட்டுப் பார்த்திருப்பார். தூதரக வாசலில் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு, "இங்க அம்பாசடர்தான் பாருங்க. சுவிஸ்காரன் இவங்களுக்கு வேத்து ஆளு" என்றார். அன்றைக்கு அவர் செய்த கடைசிப் பகிடி அது.

உள்ளே இருந்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். எங்களை இருக்கச் சொல்லிப் பொறுமையாகக் கேட்டார். பாஸ்போட் இலக்கத்தை எழுதி எடுத்தார். பிறகு பெர்மிட்டை வாங்கிப் பார்த்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"சார், இதுல நீங்க யாழ்ப்பாணத்துல பொறந்தவர். கல்யாணம் ஆகாதவர்."

"அது அப்படி எழுதிட்டேங்க. நெசம் வேற."

"நீங்க சொல்றத நான் நம்புறேன் சார். ஆனா நான் நம்புறது ஃபைல்ல ஏறாது. உங்ககிட்ட வேற ஏதாவது இருக்கா, பொறந்த பத்திரம், பிரஜாவுரிமை..."

"வவுனியாவுல வீட்டோட எரிஞ்சிருச்சு."

தஞ்சாவூர்க்காரர் பேனாவை உருட்டினார். "அப்ப மொதல்ல சுவிஸ்காரங்ககிட்ட இதத் திருத்துங்க. நீங்க மட்டும் போய்ச் சொன்னா கதை மாத்துறீங்கம்பாங்க. அந்த ஊர்க்காரர் ஒருத்தர், 'இவர் எங்க ஊர் இல்லை, நாங்கதான் இப்படிச் சொல்லச் சொன்னோம்'னு எழுதிக் குடுத்தா வெயிட் இருக்கும். அப்படி யாராவது இருக்காங்களா?"

அண்ணை திரும்பி என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஏதோ ஒரு கோபுரம் இருந்தது. எந்தக் கோயில் என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது லண்ட்குவார்ட்டில் ரயில் மாற வேண்டும். அங்கே மேடையில் நின்றபோதுதான் வாய் திறந்தார்.

"தம்பி, கூர் இங்கேருந்து பக்கம்தான். ஒருநாள் வந்து ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும்."

நான் வழி முழுக்க யோசித்து வைத்திருந்த பதிலைச் சொன்னேன். "உங்கட ஃபைலில நான் கை வைச்சால் என்ர ஃபைலையும் திறப்பாங்கள் அண்ணை. பொய் சொல்லக் குடுத்தவன் எண்டு வந்தால், நான் சொன்னதிலயும் எது உண்மை எண்டு கிண்டுவாங்கள். எனக்கு இன்னும் முடிவு வரேல்லை. கொஞ்சம் பொறுங்கோ."

அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். "ஓம்" என்றார்.

ஆமா என்று சொல்லியிருக்கலாம். பாடம் முடிந்து இரண்டு வருடம் ஆகியும் அந்தச் சொல் அவரிடம் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நானும் இரண்டு வார்த்தை ஏசி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

ஐப்பசியில் யாழ்ப்பாணத்தில் சண்டை தொடங்கியது. சமாதானம் பார்க்க வந்த இந்திய ஆமியோடு எங்கள் இயக்கப் பெடியளின் சண்டை. எங்கள் ஒழுங்கையில் ஷெல் விழுந்து தபாற்காரர் வீடு போய்விட்டது என்று செய்தி வந்தது. ஹோட்டலில் இருந்த எங்கள் ஆட்கள் கொதித்துப்போய் இருந்தார்கள். பருத்தித்துறையானுக்குத் தமக்கை வீட்டுச் சங்கதி ஒன்றும் தெரியவில்லை. அந்த எரிச்சலை அவன் இவர் மேல் கொட்டினான்.

"உங்கட ஆக்கள்தானே அண்ணை எங்கட ஊரை அடிக்கிறாங்கள். போய் மாலை போடுங்கோவன்."

அவர் தட்டுகளை ஒவ்வொன்றாக மெசினில் அடுக்கி முடித்தார். "எந்தப் பக்கம் எங்க ஆளு தம்பி? யாராச்சும் ஒரு தரம் தெளிவாச் சொல்லிடுங்க. நான் அங்க போயிடறேன்."

பருத்தித்துறையான் அதற்குப் பிறகு இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அவருக்கும் சேர்த்துத் தேத்தண்ணி ஊற்றி வைத்தான். மன்னிப்புக் கேட்பதற்கு எங்களுக்கு வேறு வழி தெரிந்திருக்கவில்லை.

தைப்பொங்கல் கழிந்து வந்த கடிதத்தில் என் சாப்பாட்டைப் பற்றிய விசாரிப்பு இல்லை. மகள் தன் சொல்லிலேயே எழுதியிருந்தாள். அம்மாவுக்கு நெஞ்சில் வருத்தம், இருமலில் இரத்தம் வருகிறது, ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், அப்பா எப்படியாவது வரவேண்டும். அவர் அதை நின்றபடியே வாசித்து, மடித்து, ஏப்ரனில் கையைத் துடைத்தார். மறுநாள் கூர் போய்த் தன் அகதி விண்ணப்பத்தை விலக்கிக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

இலங்கைக்குப் போய்க் கண்டியில் விசா கேட்பதுதான் அவர் எண்ணம். "ஏஜண்ட் கந்தோர்ல என் மொகந் தெரியும். எங்கப்பா மொகம் தெரியும்" என்றார். போவதற்கு ஜெனீவாவில் இருந்த இலங்கைக் கந்தோரில் ஒரு பயணத்தாள் எடுக்க வேண்டும். அங்கே இருந்தவர்கள் சுவிஸ்காரர் அனுப்பிய விவரத்தைப் பார்த்து அப்படியே எழுதினார்கள். பிறந்த இடம், யாழ்ப்பாணம். திருத்தக் கேட்டாராம். வந்த தாளில் உள்ளதைத்தான் எழுதலாம், ஊரில் போய்த் திருத்திக்கொள்ளுங்கள் என்றார்களாம். ஆக, நான் கீறிக் கொடுத்த ஒழுங்கைக்குச் சுவிஸ் முத்திரைக்கு மேல் இலங்கை முத்திரையும் விழுந்துவிட்டது.

சூரிச் விமான நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். உள்ளே போகிற வாசலில் நின்று, "தம்பி, உங்க வீட்டு நம்பர் என்ன?" என்று கேட்டார். "கொழும்புல எறங்கினா கேப்பாங்க, யாழ்ப்பாணத்துல எந்த வீடுன்னு." சொன்னேன். உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். உள்ளே போகும் முன் ஒருதரம் கையைத் தூக்கிக் காட்டினார்.

கொழும்பில் இறங்கியதும் நாலு நாள் வைத்து விசாரித்தார்கள். வெளிநாட்டில் இருந்து திரும்பி வருகிற யாழ்ப்பாணத்தான் என்றால் அந்தக் காலத்தில் அப்படித்தான். அவர் எழுதிய முதல் கடிதத்தில் அது ஒரு வரிதான். மீதி எல்லாம் கண்டியைப் பற்றி. வாங்கை மாற்றிவிட்டார்கள், சுவரில் இருந்த எண்ணெய்க் கறையை வெள்ளை அடித்து மறைத்துவிட்டார்கள், முகம் தெரிந்த கிளாக்கர்மார் ஒருவரும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்த, கலியாணமாகாத ஆண் ஒருவன் இந்தியாவுக்குப் போகக் கேட்கிறான். இந்திய ஆமி யாழ்ப்பாணத்தில் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிற நேரம். அவர்கள் அவரைச் சந்தேகக் கண்ணோடு பார்த்ததில் பிழை சொல்ல முடியாது. நான் அந்தக் கதிரையில் இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

இரண்டாவது கடிதம் வைகாசியில் வந்தது. பழைய தோட்டத்துப் பெரிய கிளாக்கரைத் தேடிப் பிடித்து, இவர் இங்கே தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்தான் என்று எழுதி வாங்கிவிட்டார். கோயிலில் தாலி கட்டியதற்கும் இரண்டு பேர் சாட்சி சொல்லிவிட்டார்கள். இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. பயணத்தாளில் யாழ்ப்பாணம் எப்படி வந்தது என்று சுவிஸில் இருந்து ஒருவர் எழுதித்தர வேண்டும். 'ஒரு பக்கம் போதும் தம்பி. உங்களுக்கு இடைஞ்சல் இல்லைன்னா எழுதுங்க.'

நான் அதைக் கையுறை வைக்கிற இழுப்பறைக்குள் வைத்தேன். என் வழக்கு அப்போது மேல்விசாரணையில் இருந்தது. இந்த மாதம் முடிவு வரும், வந்ததும் எழுதலாம் என்று நினைத்தேன். அடுத்த மாதமும் அப்படியே நினைத்தேன். ஒவ்வொரு காலையும் கையுறை எடுக்க இழுப்பறையைத் திறப்பேன், கடிதம் கிடக்கும், சாத்துவேன்.

புரட்டாதியில் கோத்தகிரியில் இருந்து எனக்கு ஒரு கடிதம். இந்தத் தடவை தாய் சொல்ல மகள் எழுதியது. 'தம்பி, நல்லா இருக்கீங்களா, சாப்பாடெல்லாம் சரியா. நான் இப்ப வீட்டுக்கு வந்துட்டேன். அவங்க கண்டியில எதுக்கோ காத்துக்கிட்டு இருக்காங்கன்னு எழுதினாங்க. எதுக்குன்னு எழுதல. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க.'

எதற்கென்று அவர் எழுதவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அந்தக் கடிதத்தையும் அதே இழுப்பறைக்குள் வைத்தேன்.

மார்கழியில் எனக்கு வருட பெர்மிட் வந்தது. வந்த அந்தக் கிழமையே உட்கார்ந்து எழுதினேன். வந்த அந்தக் கிழமையே என்று எழுதுகிறபோதுதான் அது எவ்வளவு கேவலமான சுறுசுறுப்பு என்று தெரிகிறது. தமிழில் ஒரு பக்கம், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரு பக்கம். இவர் என் ஒழுங்கையில் பிறந்தவர் இல்லை. நான் பிறந்தவன். இவருக்கு அந்த ஒழுங்கையைச் சொல்லிக் கொடுத்தவன் நான். நகரசபைக் கந்தோரில் என் கையெழுத்தை உறுதிப்படுத்தி முத்திரை குத்தித் தந்த பெண் இங்கிலீஷ் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, நல்ல நாளாக அமையட்டும் என்றாள். ஐந்து நிமிட வேலை. என் ஃபைலை அதற்குப் பிறகு யாரும் திறக்கவும் இல்லை, கிண்டவும் இல்லை.

மூன்றாவது கடிதம் பங்குனியில் வந்தது. இந்திய முத்திரை. அவர் கையெழுத்து.

'அன்புள்ள தம்பிக்கு. உங்க கடுதாசி நல்லா வேலை செஞ்சுது. கண்டியில அதப் படிச்சிட்டு அந்த ஆபிசர் எழுந்திருச்சு உள்ள போய் பெரியவருகிட்டக் காட்டினாரு. மறு வாரம் விசா குடுத்துட்டாங்க. கொழும்புல இருந்து திருச்சிக்கு பிளேன்ல வந்தேன். நான் வர்றதுக்குப் பதினோரு நாள் முந்தி அவ போயிட்டா. தந்தி அடிச்சிருக்காங்க, பழைய வெலாசத்துக்குப் போயிருக்கு. மக நல்லா இருக்கா. என்னைவிட ஒசரம்.

விசா மூணு மாசம். ஸ்டேஷன்ல போய் கையெழுத்துப் போடணும். பொஞ்சாதி வீட்டுக்கு நான் பாரின்காரன். பயணத்தாளப் பாத்து எழுதின பாஸ்போர்ட்டுல யாழ்ப்பாணம்னுதான் இன்னமும் இருக்கு. உங்க கடுதாசி விசாவுக்கு மட்டும்தானாம், பாஸ்போர்ட்டத் திருத்துறது அவங்க வேலை இல்லையாம். போன வாரம் ஏட்டையா கேட்டாரு, உங்க ஊரு எப்படி இருக்கும்னு. ஒழுங்கையச் சொன்னேன். தண்ணித்தாங்கி, சூலம், கெணறு எல்லாம் சொன்னேன். உங்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.'

பல தடவை வாசித்தேன். இன்னும் கொஞ்சம் முந்தி அனுப்பியிருக்கலாமே என்று எங்கேயாவது ஒரு வரி ஒளிந்திருக்கும் என்று தேடினேன். ஏசியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அப்படி ஒன்றும் இல்லை. கடைசியில், பெயருக்குக் கீழே, இடம் போதாமல் நெருக்கி எழுதிய ஒரு கேள்வி மட்டும் இருந்தது. 'சண்டையில உங்க ஒழுங்கைக்கு ரொம்ப சேதமா? கெணத்தடி மாமரம் தப்பிச்சிச்சா?'

அதற்கு முதல் மாதம்தான் வீட்டில் இருந்து எனக்குக் கடிதம் வந்திருந்தது. தண்ணீர்த் தாங்கி இல்லை. எங்கள் வீட்டின் முன்பக்கமும் இல்லை. கிணற்றை மண் போட்டு மூடிவிட்டார்கள்.

அன்றைக்கு மெசின் பழுது என்று எல்லாத் தட்டையும் கையால் கழுவினோம். அவர் நின்ற இடத்தில் புதிதாக வந்த ஒருவர் நின்றார். வேலை முடிந்து அறைக்கு வந்து, யன்னலைத் திறந்துவிட்டு, பதில் எழுதினேன். மரம் நிற்கிறது அண்ணை, இந்த வருடமும் காய்த்தது என்று எழுதினேன்.